நாதியத்த பணம்

எங்கள் ஊர்த் தபால் ஆபீஸ் எங்கள் வீட்டின் முன்னறையில் இருந்தது. அதில் ஒரு மேசை, ஒரு தராசு, முத்திரை குத்தும் சுத்தி, பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நான். இவற்றில் ஒழுங்காக வேலை பார்ப்பது தராசு மட்டும்தான் என்று என் தகப்பனார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கிளைப் போஸ்ட் மாஸ்டர் வேலை காலியானதும், "சும்மா உக்காந்து புஸ்தகம் படிக்கிறவன் அங்கன உக்காந்து படிக்கட்டும்" என்று அவர்தான் எழுதிப்போட்டு வாங்கித் தந்தார். ஊரில் எனக்குப் பெயரே 'போஸ்ட்டு' என்றாகிவிட்டது. அப்போது எனக்குத் தலைமுடி இருந்தது, உலகத்தைப் பற்றிய கருத்துகளும் இருந்தன. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் உதிர்ந்தன.

தேவாரத்துக்கு மேற்கே, மலையை ஒட்டின ஊர். கீழே மானாவாரிக் கடலைக்காடு. மேலே கேரளத்து ஏலக்காடு. மழை பெய்தால் கீழே வேலை, பெய்யாவிட்டால் மேலே வேலை. ஏலக்காட்டுக்குப் போகிற பெண்களை ஜீப்பில் அடைத்து ஏற்றிப்போக ஒரு கங்காணி விடியுமுன் வந்துவிடுவார். வாரக்கடைசியில் அவர்கள் சுருக்குப்பையில் கூலியோடும், காலில் அட்டை கடித்த தழும்போடும் இறங்கி வருவார்கள். ஊருக்குள் பணம் என்று ஒன்று வந்தது அந்த வழியாகத்தான். பட்டாளத்துக்காரர் வீடுகள் சிலவற்றுக்கு மணியார்டர் வரும். அந்த வீடுகளுக்குக் கடைக்காரர் தானாக வணக்கம் சொல்வார்.

அப்புறம் அரசாங்கம் ஒரு புதுப் பணத்தைக் கண்டுபிடித்தது. ஆதரவற்ற விதவைகளுக்கு மாதாமாதம் மணியார்டரில் உதவித்தொகை. தொகையைச் சொன்னால் இன்றைக்கு நீங்கள் சிரிப்பீர்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஆனால் பெயர் ஊர் வாய்க்குள் நுழையாத நீளம். அதனால் ஊர் அதைச் சுருக்கி 'நாதியத்த பணம்' என்று வைத்துக்கொண்டது. எல்லா வம்பும் அந்தப் பெயரில்தான் இருந்தது.

எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு வண்டிக்காரன். தேவாரத்துக் கமிஷன் கடைக்காரர் ஒருவரின் மாட்டுவண்டியை ஓட்டினான். கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு போடிக்கும் சின்னமனூருக்கும் போவான். மனைவியும் மூன்று பிள்ளைகளும் உண்டு. கூடவே அவனுடைய அக்கா. கல்யாணமாகிப் போன சில வருடங்களிலேயே புருசனை இழந்து, பிள்ளை இல்லாமல், பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்ததும் அவள்தான். பல வருடம் ஏலக்காட்டுக்குப் போய் உழைத்தாள். மலைக் குளிர் நெஞ்சில் இறங்கி இளைப்பு வந்தது. நாலு எட்டு நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். கங்காணி அவளை ஜீப்பில் ஏற்றுவதை நிறுத்திவிட்டார்.

ஒரு நாள் மத்தியானம், தபால் பை வந்து போனபின், அவளும் தம்பி மனைவியும் ஒன்றாக வந்தார்கள். தம்பி மனைவிதான் பேசினாள்.

"போஸ்ட்டு, எங்க மதினிக்கு அந்த நாதியத்த பணத்துக்கு ஒரு மனு எழுதணும். எங்க வீட்டு ஆம்பளைக்குத் தெரியக் கூடாது."

"ஏன் தெரியக் கூடாது?"

"தெரிஞ்சா மாட்டுக்குப் போடுற அடி எங்களுக்கு விழும்."

"நீ வேற. அவன் மாட்டையே அடிக்க மாட்டான்" என்றாள் அக்கா, தம்பிக்குப் பரிந்து. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "ஏப்பா, இவ கஞ்சிப்பானையில நாளுக்கு நாள் தண்ணிதான் கூடுது. எனக்குப் பருக்கையா அள்ளி ஊத்துறா. பிள்ளைகளுக்கும் இவளுக்கும் வெறும் நீச்சத்தண்ணி. நான் பாக்கலன்னு நெனைக்கிறா. எனக்கு இளைப்பு நெஞ்சுலதானே, கண்ணுலயா?"

தம்பி மனைவி சட்டென்று தராசைப் பார்க்கத் தொடங்கினாள். தபால் ஆபீசில் அழக் கூடாது என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

மனு எழுதினேன். என் இயல்புக்கு மாறாக மேற்கோள் எதுவும் போடாமல் ஒரே பக்கத்தில் முடித்தேன்.

விசாரணைக்குத் தாலுகாவிலிருந்து ஆர்.ஐ. வந்தார். காளியம்மன் கோயில் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், பக்கத்தில் கணக்குப்பிள்ளை நின்றார். வண்டிக்காரன் அன்று போடிக்குப் போயிருப்பான் என்று தெரிந்தே நாள் குறித்திருந்தார்கள். ஊர்க்காரர் எல்லோரும் தயாராக இருந்தோம். இந்த அம்மாளுக்கு யாருமில்லை என்று ஒரே குரலில் சொல்ல வேண்டியது, அவ்வளவுதான்.

ஆர்.ஐ. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டார்: "இந்தம்மா ஆதரவு இல்லாதவுங்க. அப்படித்தானே?"

எங்கள் ஒரே குரல் எழும்புமுன் பின்னாலிருந்து வேறொரு குரல் எழுந்தது.

"யாருய்யா ஆதரவு இல்லாதவுக?"

போடியில் அன்று கடை அடைப்பாம். வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். வண்டியிலிருந்து குதித்துக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான்.

"எங்க அக்கா நாதியத்தவளா? நான் கல்லு மாதிரி நிக்கேன், கண்ணுக்குத் தெரியலயா?"

"நீ யாருப்பா?"

"கூடப் பெறந்த தம்பி."

"என்ன தொழில்?"

"வண்டி."

"வண்டி மாடு யாருது?"

அந்த இடத்தில் அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அரிச்சந்திரனுக்குக்கூட அக்கா இருந்ததாக நான் படித்ததில்லை. இவன் திரும்பி, அந்த இரண்டு காங்கேயம் காளைகளையும் ஒரு முறை பார்த்தான்.

"யாருது? எங்களுதுதான்."

காளைகள் மறுப்புத் தெரிவிக்கவில்லை. நாங்களும் தெரிவிக்கவில்லை. கூடப் பிறந்தவளுக்கு நான் சோறு போடுகிறேன் என்று ஒருவன் நாலு பேர் முன்னால் சொல்லும்போது, இல்லை என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. அது பொய் சொல்வதைவிடப் பெரிய பாவம். கணக்குப்பிள்ளை வானத்தைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். ஆர்.ஐ., 'வசதியான சகோதரரின் ஆதரவில் உள்ளார்' என்று எழுதி மூடினார்.

அக்கா மட்டும் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. அடுத்த நாள் என்னிடம் சொன்னாள்: "அவன் சொன்னது பொய்யில்லப்பா. அதான் சங்கடம்."

மறுவாரம் தேவாரத்தில் கமிஷன் கடைக்காரர் அவனைக் கேட்டாராம்: "ஏலே, என் மாடு உன் மாடா ஆயிருச்சாமே. அப்ப இந்த மாசத் தீவனத்தையும் நீயே வாங்கிப் போட்டுரு." கடை முழுக்கச் சிரித்திருக்கிறது. அவனும் சிரித்திருக்கிறான். சிரிக்காமல் வேறென்ன செய்வான்.

நான் அவனைத் திருத்த முடிவு செய்தேன். படித்தவன் கடமை. டீக்கடையில் உட்கார வைத்து, நல அரசு என்றால் என்ன, குடிமக்களின் உரிமை என்றால் என்ன, மேல்நாடுகளில் எப்படி என்று அரை மணி நேரம் விளக்கினேன். அவன் ஏலக்காட்டில் சில காலம் வேலை பார்த்தவன். மலையாளத்துப் பழக்கத்தில் என்னை 'சாரே' என்றுதான் கூப்பிடுவான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, டீ கிளாசைக் கவிழ்த்து வைத்தான்.

"எல்லாம் சரி சாரே. சர்க்காரு எங்க அக்காவுக்குத் தம்பியாப் பெறந்துச்சா?"

டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

அந்த வருடம் மழை ஏமாற்றியது. கடலை விளையவில்லை. மூட்டை இல்லாத இடத்தில் வண்டிக்கு என்ன வேலை? கங்காணி அவன் வீட்டு வாசலில் வந்து நின்றார். மூத்த மகளை ஏலக்காட்டுக்கு அனுப்பச் சொன்னார். அத்தை போன இடம் காலியாகத்தான் இருக்கிறது என்றார். பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிற பிள்ளை. என்னிடம் வந்து பழைய வாரப் பத்திரிகைகளை வாங்கிப்போய் விளம்பரம் வரை படித்துவிட்டுத் திருப்பித் தரும். வண்டிக்காரன் பதில் சொல்லாமல் நின்றான். அவன் பதில் சொல்லாமல் நின்றால் சம்மதம் என்று கங்காணிக்குத் தெரியும்.

ஜீப் வந்த விடியற்காலையில், அந்தப் பிள்ளைக்கு முன்பாகவே ஒரு ஆள் அங்கே நின்றது. அக்கா. தலையில் மழைக்குப் போட்டுக்கொள்ளும் கொங்காணிச் சாக்கு, கையில் தூக்குச்சட்டி, காலில் அட்டைக்காகப் பூசின வேப்பெண்ணெய். நான் பல் விளக்கிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றிருந்தேன்.

கங்காணி சிரித்தார். "ஆத்தா, நீ மலை ஏறுறதுக்குள்ள மலை எறங்கி வந்துரும்."

"பிள்ளைக்குக் காய் எடுக்கத் தெரியாதுல்ல? நானும் வாரேன். பழகுற வரைக்கும்."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினாள். வண்டிக்காரன் வீட்டிலிருந்து வந்தான். அவள் தலையிலிருந்த சாக்கை எடுத்தான். மடித்தான். மறுபடியும் மடித்தான். இனி மடிக்க முடியாது என்ற அளவுக்கு மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். கங்காணியிடம், "நீங்க போங்கண்ணே. ரெண்டு பேரும் வரல" என்றான்.

பிறகு நேராக என் வாசலுக்கு வந்தான். என் வாய் முழுக்கப் பல்பொடி.

"உத்தமபாளையத்துக்கு மொத பஸ் எப்ப சாரே?"

தாலுகா ஆபீசில் என்ன பேச வேண்டும் என்று பஸ்ஸில் போகும்போதே மனதுக்குள் ஓர் உரை தயாரித்து வைத்திருந்தேன். அங்கே என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிகாரி நடுவயதுக்காரர். எங்களை நிற்க வைத்துவிட்டு, தேடி எடுத்த பழைய மனுவைப் படித்தார்.

"வசதியான தம்பின்னு எழுதியிருக்கே. நீதானா அது?"

அவனுடைய சட்டையை அவர் பார்த்தார். அது தன்னைத்தானே விளக்கிக்கொள்ளக்கூடிய சட்டை.

"நான்தாங்கய்யா. வண்டி என்னுது இல்லங்க. மாடும் இல்லங்க. அன்னிக்கு வாய் தவறிச் சொல்லிட்டேன்."

"அப்ப உங்க அக்கா ஆதரவு இல்லாதவுங்கதானே?"

"இல்லங்கய்யா!" என்றான் பதறிப்போய். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அத மட்டும் மாத்தி எழுதணும். நாதி இருக்குங்க. நாதிகிட்டத்தான் காசு இல்ல."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். நல்ல மனிதர், அவர் சிரிக்கவில்லை. "அப்படி எழுத இதுல இடம் இல்லையேப்பா" என்றார். பிறகு அவனுக்கு ஆறுதல் சொல்லுவதாக நினைத்துக்கொண்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து சொன்னார்: "இங்க பாரு, நீ இருக்கிறது ஒரு தடையே இல்ல. வளந்த மகன் இருந்தாத்தான் பாப்போம். தம்பி எல்லாம் சர்க்கார் கணக்குல வரவே மாட்டான். வசதியா இருக்கான்னு எழுதினதாலதான் தள்ளிட்டாங்க."

"வரவே மாட்டானுங்களா?"

"மாட்டான்."

வண்டியும் மாடும் தனக்குச் சொந்தமில்லை என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டான். அவனுக்கு எழுதத் தெரிந்தது அவன் பெயர் மட்டும்தான். அதையும் நிறுத்தி நிதானமாக, சுவரில் எழுதுவது போல எழுதுவான்.

திரும்பும் பஸ்ஸில் கோம்பை தாண்டினோம். நான் வெற்றி என்று நினைத்து மகிழ்ச்சியாக இருந்தேன். பண்ணைப்புரம் கிட்டத்தில் சன்னல் வழியே வெளியே பார்த்தபடியே கேட்டான்:

"அப்ப இத்தன வருசமா நான் யாரு சாரே?"

எனக்குத் தெரிந்த மேற்கோள்கள் நிறைய. அடுத்த நிறுத்தத்தில் சன்னல் வழியாக அவித்த கடலை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு பேரும் தோலை உரித்துக்கொண்டே வந்தோம்.

சில மாதம் கழித்து முதல் மணியார்டர் வந்தது. தபால் பையிலிருந்து அதை எடுத்தபோது, நானே அவளுக்கு அனுப்பினது போல எனக்கு ஒரு பெருமை. ஆள் விட்டுக் கூப்பிட்டேன். அக்கா வந்தாள், கூடவே தம்பி மனைவி. கைநாட்டு வைக்கிறவர்களுக்கு, எழுதத் தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது தபால் விதி. டீக்கடைக்காரர் அங்கேயே நின்றார். எதற்கும் கையெழுத்துப் போட எப்போதும் ஆவலாக இருக்கிறவர்.

"அவரு வேணாம்" என்றாள் அக்கா. "எந்தம்பிக்குக் கையெழுத்துத் தெரியும்."

"அவரு வண்டி கொண்டு போயிருக்காரு மதினி. வர நாளைக்கு ஆகும்."

"அப்ப நாளைக்கு வாங்கிக்கிறேன். போஸ்ட்டு, பத்திரமா வச்சுக்க. படிச்சுக்கிட்டே எங்கயாச்சும் பொஸ்தகத்துக்குள்ள வச்சுறாத."

அவ்வளவு மாதம் காத்திருந்த பணத்தை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போனாள். கஞ்சிக்கு அரிசி அன்றும் கடனில்தான் வாங்கினார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

மறுநாள் அவன் வந்தான். வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தவனை அக்கா முன்னால் விட்டுப் பின்னால் வந்தாள், மாட்டைப் பத்துவது போல. அவள் மையில் விரலைத் தொட்டு அழுத்தினாள். அவன் பேனாவை வாங்கிப் பெயரை எழுதினான். அதற்கென்று விட்டிருந்த இடம் அவனுக்குப் போதவில்லை. கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி அரசாங்கத்தின் பக்கம் போய்விட்டது.

"சாரே, பேருக்குப் பக்கத்துல 'தம்பி'ன்னு போடுங்க."

"அது தேவையில்லப்பா. சாட்சின்னா யாரா இருந்தாலும்..."

"போடுங்க சாரே."

அக்கா என்னைப் பார்த்தாள். தம்பி மனைவியும் பார்த்தாள். அடைப்புக்குறிக்குள் 'தம்பி' என்று எழுதினேன். அதற்கப்புறம் நான் அந்த வேலையில் இருந்த வரை ஒவ்வொரு மாதமும் எழுதினேன். விதியில் இல்லாத அந்தச் சொல்லுக்கு மேலிடத்திலிருந்து யாரும் விளக்கம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பதில் வைத்திருந்தேன். நல்ல நீளமான பதில்.

அந்தப் பணத்தால் அவர்கள் பணக்காரர்கள் ஆகவில்லை. பானையில் பருக்கை கூடியது. கடைக்காரர் அக்காவை 'வாங்க' என்றார். மணியார்டர் வரும் என்பது தெரிந்தபின் அவளுக்குக் கடன் கொடுப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. அவளுக்கோ வாங்குவதில் ஆட்சேபம் இருந்தது. கடனென்று வாங்கினால் அந்த மாதத்திலேயே அடைப்பாள். இளைப்புக்குத் தேவாரத்து டாக்டரிடம் மாத்திரை வாங்கி, பாதியை அவளும், மீதியை இருமுகிற பக்கத்து வீட்டுக்காரியுமாகச் சாப்பிட்டார்கள். டாக்டர் இரண்டு பேரையும் திட்டினார். மூத்த மகள் பள்ளிக்கூடத்துக்கே போனாள். கங்காணி பிறகு அந்த வாசலில் நிற்கவில்லை.

பெயரும் மாறியது. அதை மாற்றியவள் தம்பி மனைவி. மணியார்டர் வருகிற சமயத்தில் தண்ணீர்க் குழாயடியில் நின்று, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "எங்க மதினிக்கு இன்னிக்குச் சம்பளம்" என்பாள். முதலில் சிரித்தார்கள். "எந்த ஆபீசுல உங்க மதினிக்கு வேலை?" என்றாள் ஒருத்தி. "வேலை எல்லாம் மலையில பாத்து முடிச்சாச்சு. காசு இப்பத்தான் வருது" என்றாள் இவள். அதன்பின் ஊரில் மற்ற விதவைகளும் மனு எழுத வந்தார்கள். ஒருத்திகூட நாதியத்த பணம் என்று கேட்கவில்லை. 'சம்பளத்துக்கு ஒரு மனு' என்றுதான் கேட்டார்கள்.

ஆனாலும் எனக்கு மறக்காமல் இருப்பது ஒரு தீபாவளி. எங்கள் பக்கத்தில் தீபாவளிக்குக் கூடப் பிறந்தவளுக்குச் சீலை எடுத்துக் கொடுப்பது ஆண் பிள்ளையின் கடமை. எந்த வருடமும் அவன் விட்டதில்லை. கடன் வாங்கியாவது எடுப்பான். அந்த வருடம் வண்டியின் சக்கரம் மாட்டுகிற இருசு முறிந்து, அவன்மேல் தப்பு என்று கமிஷன் கடைக்காரர் கூலியைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை என்று தம்பி மனைவி சொன்னாள்.

மணியார்டர் வாங்கியதும் அக்கா என் மேசை முன்னாலேயே நோட்டை மடித்துத் தம்பி மனைவியின் கையில் வைத்தாள். அவன் அப்போதுதான் கையெழுத்துப் போட்டுவிட்டு மாடு கட்டப் போயிருந்தான்.

"அவன்ட்டக் குடு. உங்க அண்ணன் குடுத்ததுன்னு சொல்லு."

"எங்க அண்ணன் எப்ப மதினி குடுத்தாக? அவுக குடுக்க மாட்டாகன்னு அவருக்குத் தெரியாதாக்கும்?"

"தெரிஞ்சாத் தெரியட்டும். கேக்க மாட்டான்."

தீபாவளியன்று அவர்கள் வீட்டில் எனக்கு ஒரு தட்டுப் பணியாரம் வைத்தார்கள். அவன் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, தாம்பாளத்தில் வாழைப்பழமும் சீலையுமாகக் கொண்டுவந்து அக்கா முன்னால் வைத்தான். வெளிர் நீலத்தில் மெல்லிய கரை. போடியில் எடுத்ததாம். அவள் வழக்கம்போல, "எதுக்குடா இதெல்லாம்" என்றபடி முந்தியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். தேய்த்த விரல் நின்றுவிட்டது. ஏலக்காட்டிலும் சந்தையிலும் பழகின கை அது. துணியைத் தொட்டாலே விலை சொல்லும்.

"ஏலே, இது அந்தக் காசுக்கு வராதே" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. தம்பி மனைவி பணியாரக்கரண்டியோடு அப்படியே நின்றாள். நான் பணியாரத்தை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டேன்.

"எந்தக் காசுக்கு?" என்றான் அவன், சாதாரணமாக. வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தான். அவன் இடுப்பில் எப்போதும் கிடக்கும் வெள்ளி அரைஞாண் அன்று இல்லை. கறுப்புக் கயிறு கட்டியிருந்தான்.

அவளும் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லடா" என்றாள். "கரை நல்லாருக்குன்னேன்."

சீலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மடிப்புக் கலைக்காத புதுச்சீலை மொரமொரக்கிற சத்தம் கேட்டது. நடுவில் ஒரு முறை இருமல். கட்டிக்கொண்டு வெளியே வந்து நின்றாள். அவன் ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று எழுந்து போனான்.